நான்கு இடது கைகள்

"டார்ச்சைக் கீழ காட்டுடா. என் மூக்குல என்ன தேடற?"

டீச்சரின் தலை கார் பானெட்டுக்கு அடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. இடது கையிலிருந்த பிளையர் எதையோ கவ்வியது, வழுக்கியது, மறுபடி கவ்வியது. வால் டார்ச்சைத் தாழ்த்தினான். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து எஞ்சினில் போய்ச் செருகிக்கொண்டிருக்கும் கறுப்பு ரப்பர் ஹோஸ், அதன் கழுத்தைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்பிரிங் கிளாம்ப், கிளாம்ப் முழுக்கத் துரு. குழந்தை வளையல் அளவுகூட இல்லாத அந்த இரும்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பெரிய மனிதர்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

வால் என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பன்னிரண்டு வருஷமாக டீச்சர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனதில் ஒட்டிக்கொண்டது. டீச்சர் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பதை விட்டுத் துப்பறிய வந்தவர். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்பவர்கள் சின்னவர்களாக இருந்தார்கள், இங்கே வளர்ந்திருக்கிறார்கள், மற்றபடி வேலை ஒன்றுதான் என்பார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஹோஸ் கழண்டது அந்தப் பக்கம், ரேடியேட்டர்கிட்ட. நாம மல்லுக்கட்டறது இந்தப் பக்கம், எஞ்சின்கிட்ட. திருடு போன வீட்டை விட்டுட்டு எதிர்வீட்டுப் பூட்டை உடைக்கற மாதிரி இல்ல?"

"கழண்ட பக்கத்தை போலீஸ் பார்த்தாச்சு. கழலாத பக்கத்தை ஒருத்தரும் பார்க்கல. ஹோஸ் மாத்தணும்னா ரெண்டு பக்கமும் கழட்டணும். பத்தே நிமிஷத்துல மாத்திட்டேன்னு சொல்றாரே அந்த மனுஷன், இதை எப்படிக் கழட்டினார்? அது தெரியணும் எனக்கு."

அந்த மனுஷன் இந்த வீட்டு மாப்பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் நிறைந்த சாப்பாட்டு மேஜையில், மாமனாரின் காருக்குத் தன் கையாலேயே ஹோஸ் மாற்றிவிட்டதாக மார்தட்டினார். மெக்கானிக் எதற்கு, வீட்டிலேயே முடிகிற வேலை என்றார். மறுநாள் காலை மாமனார் காரை எடுத்தார். பாலத்தின் நடுவில் ஹோஸ் கழன்றது. ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது, கார் நின்றது, பின்னால் வந்த லாரி ஒரு முழம் ஒதுங்கிப் போனதால் மாமனார் இன்னும் மாமனாராக இருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து கையில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போனார். தனிவீடு பார்த்துப் போக விடாத கோபத்தில் மாப்பிள்ளை வேண்டுமென்றே கிளாம்ப்பை லூசாக விட்டுத் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார் என்று புகார் கொடுத்தார். காரைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு ஷெட்டிலேயே நிறுத்தினார்கள்.

இன்று சாயங்காலம் ஜீப் வரும். வரும்போது காலியாக வரும், போகும்போது மாப்பிள்ளையோடு போகும். இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் டீச்சரிடம் கெமிஸ்ட்ரி படித்து, கெமிஸ்ட்ரிக்கு எந்தச் சேதமும் இல்லாமல் வெளியேறியவர். அந்தப் பழைய பாசத்தில்தான் சாயங்காலம் வரை பொறுத்திருந்தார்.

வால் டார்ச்சை டீச்சரிடம் கொடுத்துச் சட்டைக் கையை மடித்தான். இது மூளை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பலம் சம்பந்தப்பட்டது என்று அறிவித்தான். வலது கையை உள்ளே விட்டான். பேட்டரிப் பெட்டி போகாதே என்றது. சரி என்று இடது கையை விட்டான். அது போயிற்று. பிளையரைக் கிளாம்ப்பின் காதுகளில், அழுத்தினால் அது விரிகிற அந்த இரண்டு முனைகளில், மாட்டி, மூச்சைப் பிடித்து, ஒரு இழுப்பு இழுத்தான். பிளையர் வழுக்கியது. கை போய் எதிரே இருந்த தகரத்தின் முனையில் இடித்தது. வால் ஒரு வார்த்தை சொன்னான். அதை அச்சிட எந்தப் பதிப்பாளரும் சம்மதிக்கமாட்டார்.

வெளியே எடுத்துப் பார்த்தான். இடது புறங்கையில், சுண்டுவிரல் மூட்டுக்குக் கீழே, முக்கோணமாகத் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது.

டீச்சர் தன் இடது கையை நீட்டினார். அதே இடத்தில் அதே முக்கோணம்.

"ஓட்டுப் போட்டா விரல்ல மை வைக்கறாங்க இல்ல, அது மாதிரி," என்றான் வால் கையை உதறிக்கொண்டே. "இந்தக் கார் தன்னைத் தொட்டவங்களுக்கெல்லாம் முத்திரை குத்துது."

டீச்சர் சிரிக்கவில்லை. அவனையே ஒரு கணம் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் தன் நகைச்சுவைக்கு அவர் இவ்வளவு கவனம் கொடுத்து வால் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஷெட் வாசலில் நிழல் தட்டியது. வீட்டுப் பெண் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். டீச்சரைத் தேடி வந்து வழக்கை ஒப்படைத்தவள் இவள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூங்கி மூன்று நாள் ஆனவள் மாதிரி இருந்தாள். டீச்சர் செம்பை வாங்கும் சாக்கில் அவள் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்ததை வால் கவனித்தான். சுத்தமான கைகள், கீறல் இல்லை.

"அவனா நானான்னு முடிவு பண்ணுன்னு அப்பா சொல்லிட்டார், டீச்சர். இவர் ஜெயிலுக்குப் போனா நான் இங்க இருந்து என்ன பண்ணப்போறேன்? இவரோட போனா அப்பாவை யார் பார்த்துக்குவாங்க? யாராவது ஒருத்தர் மிச்சம் இருந்தாக்கூடப் போதாது எனக்கு. ரெண்டு பேரும் வேணும்."

சொல்லிவிட்டு ஷெட் குழாயில் கை கழுவி, குழாயை மூடினாள். அவள் குழாயை விட்டு ஒதுங்கி நின்றதும் அவள் அப்பா வந்தார். வந்தவர் முதல் வேலையாக அந்தக் குழாயைத் திறந்து, மறுபடி மூடினார்.

தெருவில் அவருக்குச் செக்கிங் சார் என்று பெயர். நட்டு போல்ட்டு செய்யும் ஃபாக்டரியில் தரம் பார்க்கும் உத்தியோகம். ஃபாக்டரி அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, அவர் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. காலையில் டீச்சரும் வாலும் வந்தபோது மகள் பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார், வால் மூடிய பாட்டிலைத் திறந்து மூடினார், டீச்சர் கழற்றிய செருப்பை நேராக்கி வைத்தார். அவருடைய இடது கையில் குத்துச்சண்டைக்காரர் உறை மாதிரி ஒரு கட்டு இருந்தது.

காயம் எப்படி இருக்கிறது என்று டீச்சர் அக்கறையாக விசாரித்தார்.

"வெந்து போச்சு. கார் நின்னதும் இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினேன், இப்படி." வலது கையால் தூக்கிக் காட்டினார். "குபுக்குன்னு ஆவி அடிச்சுது கையில."

டாக்டரிடம் காட்டினீர்களா என்றதற்கு, டாக்டர்கள் கட்டும் கட்டின் லட்சணம் தனக்குத் தெரியும் என்றார். வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறாரே என்று வால் எடுத்துக்கொடுத்தான். இவள் கட்டினாலும் லூசாகத்தான் இருக்கும் என்றார் செக்கிங் சார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் ஒரு வார்டுக்கே கட்டுப் போடுகிறவள், மூன்று நாளாக அப்பாவின் கையைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஹோஸை ஒரு தடவை பார்க்கலையா சார்?" என்றார் டீச்சர்.

"நான் ஏன் பார்க்கணும்? தொடவே இல்ல. மாப்பிள்ளை செஞ்சா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் என்னைப் பாலத்துல கொண்டுபோய் நிறுத்திச்சு."

சொல்லிவிட்டு, போகிற போக்கில் குழாயை இன்னொரு தடவை இறுக்கிவிட்டுப் போனார்.

வால் மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டான். விட்டவன் மூக்கைச் சுளித்தான். ரப்பர் வாசனை இல்லை, எண்ணெய் வாசனையும் இல்லை. தினமும் காலையில் ஆபீஸ் போகிற வீடுகளில் வாசல் பக்கம் வருமே, அந்த வாசனை.

"டீச்சர், இந்த ஹோஸ் இன்டர்வியூவுக்கு எங்கயாவது போகுதா?"

"ஏன்?"

"ஷூ பாலிஷ் போட்டிருக்கு."

டீச்சர் கட்டைவிரலால் ஹோஸைத் தேய்த்தார். விரல் கறுத்தது, ஹோஸ் வெளுத்தது. பளபளப்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில், வெடிப்பு வெடிப்பாக, கிழட்டு ரப்பர் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கு முதல் தடவையாக அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தது.

கிளாம்ப் மட்டும் இன்னும் முறைப்பாகவே இருந்தது. டீச்சர் துருவில் எண்ணெய் விட்டார். கொஞ்ச நேரம் ஊற விட்டார். பிறகு பெரிய பிளையரை எடுத்து, இழுக்காமல், கிளாம்ப்பை ஹோஸின் மேலேயே மெல்ல வட்டமாகத் திருப்பினார். இத்தனை நேரம் கீழே தகரத்துப் பக்கம் ஒளிந்திருந்த அதன் இரண்டு காதுகளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தன. மேலே வந்த காதுகளைப் பிடித்து அழுத்தினார். கிளாம்ப் வாயைத் திறந்து, பரம சாதுவாகப் பின்னால் நகர்ந்தது.

"இதை அப்பவே பண்ணியிருக்கலாமே."

"அப்ப இது பலம் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்துச்சு," என்றார் டீச்சர்.

கிளாம்ப் இருந்த இடத்தில் ரப்பரில் ஒரே ஒரு பள்ளம். ஹோஸும் குழாயும் வெள்ளைக் காறை பூத்து, பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை போல ஒட்டிக்கிடந்தன. பத்து நிமிஷத்தில் மாற்றப்பட்ட புத்தம்புது ஹோஸ் இதுதான். கார் கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து யாரும் இதைக் கழற்றவே இல்லை.

டீச்சர் டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தார். தாங்கள் கிளாம்ப்பைத் தொடும் முன் போனில் எடுத்துவைத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாலிஷின் மேல் பிளையரின் பல் பட்ட தடங்கள் படத்திலேயே இருந்தன. ரேடியேட்டர் பக்க நுனியில் பாலிஷை அழித்துக்கொண்டு ஒரு கை ஹோஸை இறுகப் பிடித்த தடம் இருந்தது. அகலமான கை.

"வா. பாலிஷ் டப்பாவைப் பார்ப்போம்."

மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். லாக்கப்புக்குப் போகிறவர் இவ்வளவு பளபளப்பாகப் போவதை வால் அன்றுதான் பார்த்தான். அவருடைய இடது புறங்கையில், சுண்டுவிரல் மூட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. புது ஹோஸ் எங்கே என்றார். காரில் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. காரில் இருப்பதை மோந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றான் வால்.

மாப்பிள்ளையின் பிரஷ் நின்றது. கொஞ்ச நேரம் ஷூவில் தன் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஷூ பெட்டியை இழுத்தார். உள்ளே கவர்கூடப் பிரிக்காத புது ஹோஸ், பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு படுத்திருந்தது.

எஞ்சின் பக்கக் கிளாம்ப்போடு ஞாயிறு காலை முழுக்கப் போராடியிருக்கிறார். கை கிழிந்ததுதான் மிச்சம். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். முடிந்ததா மாப்பிள்ளை என்று மாமனார் சபை நடுவே கேட்டார். அந்தக் குரலில் முடிந்திருக்காது என்ற நிச்சயம் இருந்தது. உடனே இவர் வாயிலிருந்து முடிந்தது என்ற வார்த்தை தானாக விழுந்துவிட்டது. அப்புறம் வார்த்தைக்கு ஏற்ற மாதிரி ஹோஸைக் கறுப்பாக்கிவிட்டு, நாளைக்கு மெக்கானிக்கிடம் ரகசியமாகப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறார். மறுநாள் காலை அவர் ஷூ மாட்டுவதற்குள் மாமனார் காரோடு பாலத்தில் இருந்தார்.

"ரேடியேட்டர் பக்கம் கையே வைக்கலையா?"

"வைக்கல டீச்சர். இந்தப் பக்கம் வந்தாத்தானே அந்தப் பக்கம் போறதுக்கு?"

"இதைப் போலீஸ்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்களே."

மாப்பிள்ளை மூடிய கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கொலை பண்ணப் பார்த்தான்னு சொன்னா ஜெயிலோட போயிடும். ஒரு கிளாம்ப்பைக் கழட்டத் தெரியலன்னு சொன்னா, அவர் சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார்."

படியிறங்கும்போது வால் முணுமுணுத்தான். ஒரு முட்டாளைக் காப்பாற்ற வந்து, பொய்யனாக்கி விட்டுவிட்டோம். ஹோஸ் மாற்றாதவர் மாற்றினேன் என்றார், சரி. அதே வாய் ரேடியேட்டர் பக்கத்தைத் தொடவில்லை என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் எதற்காக நம்புவார்?

"அவர் வாயை யாரும் நம்ப வேண்டாம். பாலிஷை நம்பினாப் போதும். பாலிஷ் போட்டது அவர். அதுக்கு மேல பிளையர் போட்டது வேற ஆள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம், காரை எடுக்கறதுக்கு முன்னாடி, ஷெட்டுக்குள்ள போய் அந்தக் கிளாம்ப்போட ஒருத்தர் சண்டை போட்டிருக்கார். அது முடியாம, சுலபமா இருந்த முன்பக்கம், ரேடியேட்டர்கிட்ட போய், அங்க இருக்கற கிளாம்ப்போட ஸ்க்ரூவைக் கழட்டியிருக்கார்."

"யாரு?"

"நீதானே சொன்ன. முத்திரை குத்தி அனுப்புதுன்னு."

வாசலில் ஜீப் வந்து நின்றது.

கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். செக்கிங் சார் அதைச் சுவர்க் கோட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை பளபளக்கும் ஷூவோடு இறங்கி வந்தார், கையில் சின்னப் பை. மகள் அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல் நின்றாள்.

டீச்சர் கிளாம்ப்பை மேஜையில் வைத்தார். அதன் பக்கத்தில் தன் இடது கையை விரித்து வைத்தார். வாலைப் பார்த்தார். வாலும் வைத்தான். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தயங்கி, பிளாஸ்திரியை உரித்துவிட்டு வைத்தார். மூன்று கைகள், ஒரே இடத்தில் மூன்று முக்கோணங்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கெமிஸ்ட்ரி வகுப்பில் விழித்த அதே விழிப்பு.

டீச்சர் அவருக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினார். பேட்டரி தடுப்பதால் அந்த இடத்துக்கு இடது கை மட்டும்தான் போகும். இழுக்கிறவர் கை தகரத்தில்தான் போய் இடிக்கும். தங்கள் மூன்று பேரையும் தவிர இன்னொருவரும் இழுத்திருக்கிறார் என்று பாலிஷ் சொல்கிறது. ஆக, இந்த மேஜையில் ஒரு கை குறைகிறது.

மாமா தன்னை நம்பி வண்டி எடுத்தாரே, வேறு யார் தொட்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளையே குழம்பினார்.

"பூட்டின கதவை நம்பாதவர், மூடின குழாயை நம்பாதவர், பெத்த பொண்ணு போடற கட்டை நம்பாதவர்," என்றார் டீச்சர். "உலகத்துல உங்க ஒருத்தரை மட்டும் நம்பினாராம். கேட்டதும் எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம்தான் தோணுச்சு, பானெட்டைத் தூக்கினது வலது கை, வெந்தது எப்படி இடது கைன்னு."

செக்கிங் சார் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மகள் போய் அந்தக் கையை முன்னால் எடுத்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை.

"நான் நர்ஸ்ப்பா," என்றாள்.

முடிச்சை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகத் துணி விழுந்தது. கொப்புளம் இல்லை, வெந்த தோல் இல்லை. சுண்டுவிரல் மூட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம் காய்ந்திருந்தது, அதன் ஓரமெல்லாம் கறுப்பு பாலிஷ்.

மகள் அந்தக் கையை மேஜையில் மற்ற மூன்று கைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் பை மெல்லத் தரையில் இறங்கியது.

செக்கிங் சார் கிளாம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே பேசினார், அதுவும் மாப்பிள்ளையிடம்தான்.

"வரவே மாட்டேங்குது, இல்ல?"

"வராது மாமா," என்றார் மாப்பிள்ளை, தன்னை மறந்து. "கையைத்தான் கிழிக்கும்."

கல்யாணமாகி இந்த இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும் என்று வால் நினைத்தான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். முன்பக்க ஸ்க்ரூவைக் கழற்றியது யார் என்று உத்தியோகக் குரலில் கேட்டார். தான்தான் என்றார் செக்கிங் சார். உள்ளே ஹோஸ் புதுசா பழசா என்று பார்க்கத்தான் கழற்றினார். கையில் ரத்தம், யாரோ வருகிற சத்தம், அவசரமாகத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"மாட்டினீங்க சரி. ஸ்க்ரூவை இறுக்கினீங்களா?"

செக்கிங் சார் வலது கையை நீட்டி, மேஜையில் நேராகவே இருந்த தொப்பியை இன்னும் கொஞ்சம் நேராக்கினார்.

"அதைத்தான்," என்றார், "செக் பண்ணல."